பிரமிட்டின் அடிவாரத்துக் கைதட்டல்

அமெரிக்காவின் கிரேட்புல் டெட் இசைக்குழுவைப் பற்றி நமது வட்டத்தில் எழுதக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். மௌலவிமார் ஒரு புறம் இருக்கட்டும், நமது கவிஞர்களே சிரிப்பார்கள். ஆயினும் இருபது வருடங்களுக்கு மேலாக நான் அவர்களைக் கேட்டு வருகிறேன். ஆசிரியர் கலாசாலையில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த மலையக நண்பர் தந்த ஓர் இறுவட்டில் தொடங்கியது இந்தப் பித்து. பாடல்களின் ஆங்கிலம் இன்றும் எனக்குப் பாதிதான் பிடிபடுகிறது. அது பெரிய குறையாகப் படவில்லை.

1965இல் கலிபோர்னியாவில் உருவான இக்குழு, கிற்றார் கலைஞர் ஜெரி கார்சியா 1995இல் மரணிக்கும் வரை 2300 அளவிலான கச்சேரிகளை நடத்தியது. கலையகத்தில் பதிந்த அவர்களது தட்டுகள் என்னைப் பெரிதாகக் கவரவில்லை. உயிர் இருப்பது மேடையில்தான். ஒரே பாட்டு ஓர் இரவு ஏழு நிமிடம், இன்னோர் இரவு இருபது நிமிடம். ஒருவர் கைவிட்ட இழையை மற்றவர் எடுத்து எங்கோ கொண்டுபோவார். சில வேளை வழி தவறிவிடும். அந்தத் தடுமாற்றமும் நாடாவில் இருக்கும்.

ரசிகர்கள் ஒலிவாங்கிகளைக் கம்பத்தில் உயர்த்திக் கச்சேரிகளைப் பதிந்தார்கள். குழுவினர் தடுக்கவில்லை. 1984 ஒக்டோபரில், ஒலிக்கலப்பு மேசைக்குப் பின்னால் அவர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கிக் கொடுத்தார்கள். விற்கக் கூடாது, கைமாற்றிக் கொள்ளலாம். இவ்வளவுதான் ஒழுங்கு. நமது சஞ்சிகைகள் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்து ஊர் ஊராகப் போகுமே, அந்த நாடாக்களும் அப்படித்தான் போயின.

ரசிகர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடுவது 1977 மே 8ஆம் திகதி கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் மண்டபத்தில் நடந்த கச்சேரியை. பெட்டி கன்ரர் என்ற பெண் ஒலிப்பதிவாளர் பதிந்தது. அமெரிக்க கொங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் அது சேர்ந்துவிட்டது. அதன் சிறப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் என்னை வைத்துக் கேட்டால் 1978 செப்டெம்பர் 14, 15, 16 ஆகிய மூன்று இரவுகளில் எகிப்தின் கீஸாவில், பிரமிட்டுகளின் அடிவாரத்தில், வாசித்ததைத்தான் சொல்வேன்.

அதில் குறைகள் ஏராளம். மேளக்காரர் இருவரில் ஒருவரான பில் குரூட்ஸ்மனுக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது, ஒற்றைக் கையால் வாசித்தார். பியானோ சுருதி விலகியிருந்தது. குழுவினரே திருப்தியில்லாமல் ஒதுக்கி வைத்த அந்தப் பதிவுகளின் தேர்ந்த பகுதி 2008இல்தான் இறுவட்டாக வந்தது. கடைசி இரவில் பூரண சந்திர கிரகணம் வேறு.

அந்த மேடையில் ஹம்ஸா அல்தீன் என்ற நூபியக் கலைஞர் தன் இனத்தவரோடு நிற்கிறார். முதலில் கைதட்டல் மட்டும். அதன்மேல் கூட்டாகப் பாடும் குரல்கள், கூடவே தார் என்னும் ஒருபக்கத் தோல்மேளம். நமது றபானுக்கு அது நெருங்கிய சொந்தம். பிறகு கிற்றார்கள் ஒவ்வொன்றாக, விருந்து வீட்டுக்குப் பிந்தி வந்தவர்கள் ஓரமாக அமர்வதுபோல் நுழைகின்றன. நூபியப் பாட்டு எங்கே முடிந்தது, அமெரிக்கப் பாட்டு எங்கே தொடங்கியது என்று சொல்ல இயலாதபடி இரண்டும் கலந்துவிடுகின்றன.

ஹம்ஸா அல்தீன் பிறந்த தோஷ்கா கிராமம் இன்று இல்லை. அஸ்வான் உயர் அணையின் நீர் அதை விழுங்கிவிட்டது. ஊர் போன பின்னும் அதன் கைதட்டல் நாடாவில் கிடக்கிறது.

எங்கள் கரையோரக் கிராமத்தில் பொல்லடிக்கு ஓர் அண்ணாவியார் இருந்தார். அவரது பாட்டுகள் மூன்று கசற்றுகளில் அவர் வீட்டு அலுமாரியில் இருந்தன. 2004 டிசம்பர் 26இல் கடல் அலுமாரியையும் எடுத்தது, அவரையும் எடுத்தது. அவருக்குப் பின்பாட்டுப் பாடியவர்களில் இன்று ஒருவர்தான் மிச்சம். எண்பதைத் தாண்டியவர்.

போன மாதம் அவரிடம் போனேன்.

"இந்தக் குரலப் பதிஞ்சு ஆருக்கு, சேர்? நெஞ்சு சரியானா பாப்பம்" என்றார்.

நான் வற்புறுத்தவில்லை. கையடக்கத் தொலைபேசியில் கீஸாப் பதிவைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவரின் விரல்கள் முழங்காலில் தட்டத் தொடங்கின.

"இவனுகள் நம்மட ஆக்களா?"

"ஒரு பகுதி அப்படித்தான், காக்கா" என்றேன்.

பதினொரு நிமிடம் பாடினார். இடையில் இருமல், அடுத்த வளவுச் சேவல், ஒழுங்கையால் போன ஓட்டோ எல்லாம் பதிவாகியிருக்கின்றன. ஒன்றையும் நான் வெட்டவில்லை. வருகிற வெள்ளி பின்னேரம் திரும்பவும் வரச் சொல்லியிருக்கிறார். றபானை நெருப்பில் காட்டி வைப்பாராம்.