அல்கோன்குவின் வனத்தில் ஓர் உறைபனி இரவு

ரொறன்ரோ மாநகரிலிருந்து வடக்கு நோக்கி மூன்று மணி நேரம் மோட்டாரிற் சென்றால் நிலத்தின் தன்மையே மாறிவிடுகின்றது. வயல்களும் பண்டகசாலைகளும் பின்னே மறைய, கருங்கற் பாறைகளைப் பிளந்து போட்ட வீதியின் இருமருங்கும் மேப்பிள் மரங்கள் நிரை கட்டி நிற்கின்றன. ஹன்ஸ்வில் என்னும் சிறு பட்டினத்தைக் கடந்து 60 ஆம் இலக்க நெடுஞ்சாலையிலே கிழக்கே திரும்பினால் அல்கோன்குவின் வனத்தின் மேற்கு வாயில் வந்துவிடும். 1893 ஆம் ஆண்டிலே ஒன்ராறியோ மாகாண அரசாங்கம் ஒதுக்கி வைத்த இவ்வனத்தின் பரப்பு 7,600 சதுர கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். நமது யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல் ஏழு மடங்குக்கு மேல் என்றால் வாசகர்களுக்கு எளிதில் விளங்கும். அதனுள்ளே 2,400க்கு மேற்பட்ட ஏரிகள் உள்ளனவாம். இத்தனை நீரையும் ஒரே இடத்திற் கொட்டி வைத்திருக்கும் இயற்கை, நம் குடாநாட்டுக்கு வற்றாத ஓர் ஆற்றைத்தானும் தராமற் போயிற்றே என்ற ஏக்கம், தமிழன் எவனுக்கும் அங்கே எழாமற் போகாது.

நாம் சென்றது 2022 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் இரண்டாவது வார இறுதி. அந்நாட்டார் நன்றி நவிலல் நாள் என்று கொண்டாடும் விடுமுறை அது. மேப்பிள் இலைகளின் செம்மை உச்சத்தைச் சற்றே கடந்திருந்தது. ஆயினும் ஏரிக்கரைகளிலே குருதிச் சிவப்பும் குங்குமச் சிவப்பும் மஞ்சளும் கலந்து, நீரிலே தலைகீழாகத் தெரிந்த கோலத்தை எழுத்தில் அடக்குதல் அரிது. எழுத்தில் அடங்காததைத் தூரிகையில் அடக்கியவர் ஒருவர் உண்டு. தொம் தொம்சன் என்னும் ஓவியர் இவ்வனத்திலே வழிகாட்டியாகவும் தீக்காவலராகவும் இருந்து ஏரிகளையும் பைன் மரங்களையும் வரைந்தார். 1917 ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, 39 ஆவது வயதில், கனோ ஏரியில் அவர் மாண்டார். அம்மரணம் எப்படி நேர்ந்தது என்ற விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. மேற்கு வாயிலிலிருந்து 14 ஆவது கிலோமீற்றரில் அவ்வேரி இருக்கின்றது. அரை மணி நேரம் கரையில் நின்று பார்த்தோம். அமைதியான, ஆழ்ந்த, ஒன்றுமறியாதது போன்ற நீர்.

நாம் தங்கியது மியூ ஏரிக்கரையில், 30 ஆவது கிலோமீற்றர் அளவில். அவ்விடத்துக் கூடார முற்றம் பனிக்காலத்திலும் மூடப்படுவதில்லை. நம்முடன் வந்தோர் நம் மனைவி, தம்பி, தம்பியின் மனைவி, அவர்களுடைய ஏழு வயது மகள். தம்பி மோட்டார் திருத்துமிடமொன்றில் வேலை செய்பவன். அவன் மனைவி வைத்தியசாலைத் தாதி. கூடாரம் குளிருக்குப் போதாது என்று, காரின் பின்னே பூட்டி இழுக்கும் சிறிய ட்ரெயிலர் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தான் தம்பி. உள்ளே பதினான்கு அடி நீளம், ஆறரை அடி அகலம். அதற்குள் இரு கட்டில்கள், மடக்கும் மேசை, மூன்று அடுப்புகள், ஒரு தொட்டி, குளிர்ப்பெட்டி, இவற்றோடு வெப்பமூட்டியும் அடங்கியிருந்தன. நமது ஊரிலே இந்த அளவில் ஒரு மாட்டுக்கொட்டில் போட்டாலும் மாடு முகஞ் சுழிக்கும். ஆனால் எதையும் வீணாக்காத அதன் அமைப்பை வியவாதிருக்க முடியவில்லை.

வண்டியின் முன்புறத்தில் 9 கிலோ எரிவாயுச் சிலிண்டர்கள் இரண்டு நின்றன. அவ்வாண்டிலே 12.5 கிலோ சிலிண்டரொன்றுக்காக நாம் வரிசையிலே நின்ற நாட்கள் நினைவில் வந்து பெருமூச்செறிந்தோம். அங்குள்ளது பெரும்பாலும் புரொப்பேன் வாயு. நாம் சமையலுக்குப் பயன்படுத்துவதிலே பியூட்டேனும் கலந்திருக்கும். பியூட்டேன், நீர் உறையும் நிலையை அடுத்த குளிரிலேயே ஆவியாக மறுத்துச் சிலிண்டருக்குள் திரவமாகப் படுத்துவிடும். புரொப்பேனோ பூச்சியத்துக்குக் கீழ் 42 பாகை வரை ஆவியாகும். கனடாவின் குளிருக்கு அதுவே ஏற்றது. இரண்டும் காற்றிலும் பாரமானவை. ஒழுகினால் தரையிலே தேங்கும். 2021 ஆம் ஆண்டின் இறுதியிலே நம் நாட்டு அடுக்களைகளில் நிகழ்ந்த எரிவாயு விபத்துகளுக்குப் பின்னர் இதை நம் பெண்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஒழுகும் வாயுவுக்காவது மணம் சேர்த்திருக்கின்றார்கள்; மூக்கு எச்சரிக்கும். எரிந்த வாயுவின் கதை வேறு. போதிய ஒட்சிசன் இன்றி எந்த எரிபொருள் எரிந்தாலும் காபனோரொட்சைட்டு பிறக்கின்றது. நிறமில்லை, மணமில்லை, கண்ணெரிச்சலுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் அது சேர்ந்துகொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல், பின்னர் நித்திரை. தடிமன் காய்ச்சல் வருகின்றது போலும் என்று எண்ணிப் போர்வையை இழுத்துக்கொள்பவன் பிறகு எழுவதில்லை. இவற்றைப் பல ஆண்டுகள் இரசாயன வகுப்பிலே கரும்பலகையில் எழுதியிருக்கின்றோம். ஆனால் அந்த வண்டியின் கட்டிலில் அமர்ந்து கணக்குப் பார்த்தபோதுதான் அதன் பொருள் உறைத்தது. அவ்வறையின் கொள்ளளவு ஏறத்தாழ 16 கன மீற்றர். பத்து இலட்சம் பங்கு காற்றிலே 400 பங்கு காபனோரொட்சைட்டு இருந்தால் ஓரிரு மணி நேரத்தில் தலைவலி தொடங்கும். மூன்று மணி நேரத்துக்கு மேல் உயிருக்கே ஆபத்து. அவ்வறையை அந்நிலைக்குக் கொண்டுவர எவ்வளவு வாயு வேண்டும்? ஆறரை லீற்றர் கூட வேண்டாம். ஒரு தண்ணீர் வாளியில் அடங்கும் அளவு! நம் ஊர்களிலே தணற்சட்டியை அறைக்குள் வைத்துக் குழந்தைக்குச் சாம்பிராணி பிடித்தார்கள். ஓலைக்கூரையும் திறந்த சன்னலும் காற்றைச் சும்மா விட்டன. இங்கேயோ குளிருக்கு அஞ்சி ஒவ்வோர் இடுக்கையும் இறப்பர் வைத்து அடைத்திருக்கின்றார்கள்.

இவ்வாபத்தை உணர்ந்தே வெப்பமூட்டியை அமைத்துள்ளனர். சுவாலை எரிவது மூடப்பட்ட ஓர் உலோக அறைக்குள். அதற்கு வேண்டிய காற்று வெளிச்சுவரிலுள்ள துவாரத்தால் வருகின்றது. புகையும் அவ்வழியே வெளியே போகின்றது. அறைக்காற்று உலோகத்தின் வெளிப்புறத்தைத் தழுவிச் சூடேறி வருமேயன்றிச் சுவாலையோடு கலவாது. மின்விசிறி முதலிற் சுழன்று, அதன் காற்று ஒரு சிறு தகட்டைத் தள்ளினாலன்றி வாயு திறக்காது, பொறியும் பறவாது. எவ்வளவு நுட்பம்! ஆனால் அவ்வுலோகத்தில் வெடிப்பு விழுந்தாலோ, புகைத் துவாரம் அடைபட்டாலோ நுட்பமெல்லாம் வீண். பனி மூடலாம், குளவி கூடு கட்டலாம். நாம் எடுத்த வண்டியின் துவாரத்திலே குளவி கட்டிய மண் கூடு இருக்கவே செய்தது. புறப்படுவதற்கு முந்திய நாள் தம்பி ஒரு கம்பியாலே அதைத் தோண்டி எடுத்துவிட்டு, வெப்பமூட்டியைக் கொளுத்திச் சுவாலையின் நிறத்தைப் பார்த்தான். நீலமாக நின்றது. மஞ்சளாக ஆடியிருந்தால் பயணமே இல்லை என்றான்.

அவன் மனைவி பார்த்தது வேறொன்று. தரையோரச் சுவரிலே வாயு அலாரம் ஒன்று பச்சை விளக்குடன் இருந்தது. அதைக் கழற்றிப் பின்புறத்தைத் திருப்பினாள். அச்சிட்டிருந்த காலவெல்லை இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே கடந்துவிட்டது. இக்கருவிகளுக்குள் இருக்கும் உணரி ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் சோர்ந்துவிடும். பரிசோதனைப் பொத்தானை அழுத்தினால் ஒலிக்கத்தான் செய்யும். அவ்வொலி மணிக்கும் மின்சுற்றுக்கும் சான்றேயன்றி உணரிக்குச் சான்றன்று. தொலைபேசியில் அழைத்தபோது, “பச்சை விளக்கு எரிகிறதுதானே, பிறகென்ன?” என்றார் வண்டியின் உரிமையாளர். தம்பி மனைவி மறுமொழி சொல்லவில்லை. கடைக்குச் சென்று, தன் சொந்தப் பற்றறியில் இயங்குவதும், வாயுவின் அளவை இலக்கத்திற் காட்டுவதுமான புதிய கருவியொன்றை வாங்கி வந்தாள்.

அவளுடைய பிடிவாதத்துக்குக் காரணமுண்டு. 2008 ஆம் ஆண்டிலே அதே ஒன்ராறியோவில், வூட்ஸ்ரொக் நகரத்து வீடொன்றில் புகைபோக்கி அடைபட்டு, தாய் தந்தை பிள்ளைகள் இருவர் என ஒரு குடும்பம் முழுவதும் காபனோரொட்சைட்டால் மாண்டது. அவ்வீட்டில் அலாரம் இருக்கவில்லை. அக்குடும்பத்தின் பெயராலேயே, 2013 ஆம் ஆண்டில், ஹோக்கின்ஸ் கிக்னாக் சட்டம் நிறைவேறிற்று. அங்கு தாதியராய் வேலை செய்வோர்க்கு இது பழங்கதையன்று.

முதலாம் இரவு. மின்னிணைப்பு உள்ள இடங்கள் யாவும் பிறர் பதிந்துவிட்டமையால் நமக்குக் கிடைத்தது மின்னிணைப்பற்ற இடம். மாலையிலே விறகுத் தீயருகில் அமர்ந்து இடியப்பமும் சொதியும் உண்டோம். மிஞ்சியவற்றைக் கரடிக்கு அஞ்சிக் காருக்குள் வைத்துப் பூட்டினோம். ஏரியின் அக்கரையிலிருந்து லூன் என்னும் நீர்ப்பறவை கூவியது. அழுகையா சிரிப்பா என்று பிரித்தறிய முடியாத குரல். பெறாமகள் “பேய், பெரியப்பா!” என்று நம் கையைப் பற்றிக்கொண்டாள்.

நள்ளிரவு கடந்து இரண்டு மணி இருக்கும். விசிறியின் இரைச்சல் தளர்ந்தது, பின்னர் நின்றது. வண்டியின் பற்றறி பழையது. ஓர் இரவின் குளிரைத் தாங்க அதற்கு வலுவில்லை. விசிறி மெலியவே தகடு அசையவில்லை; தகடு அசையாமையால் வாயுவும் திறக்கவில்லை. கருவி செய்யவேண்டியதையே செய்தது. ஆனால் வெளியே உறைநிலைக்குக் கீழ் இரண்டு மூன்று பாகை. அரை மணி நேரத்துக்குள் மூச்சுக்காற்று வெண்புகையாயிற்று. சன்னலிலே நீர்த்துளிகள் உறையலாயின. பிள்ளைக்குப் பகலிலேயே சிறிது சளி. இப்போது விட்டுவிட்டு இருமத் தொடங்கினாள்.

தம்பி எழுந்தான். “அண்ணை, அடுப்பு மூன்றையும் எரியவிடுவம். பத்து நிமிசத்திலை சூடேறிடும்.” அவன் கை திருகியிலே இருந்தது. அடுப்பின் மேலேயே, இதனை அறை சூடாக்கப் பயன்படுத்தற்க என்ற எச்சரிக்கை ஒட்டியிருந்தது. அவனுக்கு அது தெரியாததன்று. இருமும் பிள்ளையின் தகப்பனுக்கு எழுத்துகள் கண்ணிற் படுவதில்லை. அவன் மனைவி உரத்துப் பேசவில்லை. “எரியவிட்டால் நான் பிள்ளையைக் கொண்டு வெளியிலை போயிருப்பன்” என்றாள். அப்படியானால் கார் இயந்திரத்தை ஓடவிட்டு அதற்குள் பிள்ளையை வைத்திருப்போமா என்று கேட்டான். கார் வண்டியோடு பூட்டியபடியே நின்றது. அதன் புகைக்குழாய் வண்டியின் வாயிலை நோக்கியிருந்தது. உள்ளே இருப்போர் நிலை என்னாவது? வெளிவிடாத அடுப்புச் சுவாலைக்கு இன்னொரு குற்றமும் உண்டென்று நாம் எடுத்துச் சொன்னோம். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகும். அது குளிர்ந்த சுவரிலும் படுக்கையிலும் படிந்து, சுவாலை அணைந்தபின் முன்னிலும் பெருங்குளிரைத் தரும். அந்த வேளையில் இரசாயனம் பேசியதற்காக நம் மனைவி நம்மைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

முடிவிலே நம் மனைவிதான் வழி கண்டாள். கூரையின் காற்றுத் துவாரத்தையும் ஒரு சன்னலையும் திறந்து வைத்து, எல்லோரும் விழித்திருக்க, ஓரடுப்பில் மட்டும் வெந்நீர் வைத்தோம். புதிய அலாரம் மேசையில் நம் கண்முன்னே இருந்தது. இலக்கம் பூச்சியத்திலிருந்து அசையவில்லை. நீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, சிலிண்டரின் திருகியையும் வெளியே போய்ப் பூட்டிவந்தான் தம்பி. சூடு தாங்கும் போத்தல்கள் நான்கிலே நீரை நிரப்பிக் கம்பளிக் காலுறைகளுக்குள் நுழைத்தோம். சன்னலை விரற்கடை அளவு விட்டு மூடி, பெண்கள் இருவரும் பிள்ளையை நடுவே வைத்து ஒரே கட்டிலிற் படுத்தனர். அவளுடைய நெஞ்சுக்கும் பாதத்துக்கும் ஒவ்வொரு போத்தல். சிறிது நேரத்தில் இருமல் தணிந்தது. தம்பியும் நாமும் தொப்பி, கையுறை, காலுறை யாவும் அணிந்தபடி விடியும் வரை யாழ்ப்பாணத்து வெயிலைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம்.

விடிந்ததும் ஏரியின் மேல் வெண்பனிப்புகை எழுந்து, அதனூடே சூரியன் செம்பொட்டு வைத்தாற்போல் வந்தது. புல்லெங்கும் உறைபனி. பிள்ளை அதன்மேல் நடந்து, காலடியில் நொறுங்கும் ஓசையைக் கேட்டுக் கைகொட்டினாள். மறுநாட் பகலில் மின்னிணைப்புள்ள இடமொன்று காலியாகவே அதற்கு மாறினோம். இரண்டாம் இரவு பற்றறிக்கு மின்னேற்றம் கிடைத்து, வெப்பமூட்டி தடையின்றி ஓடியது. 43 ஆவது கிலோமீற்றரிலுள்ள பார்வையாளர் நிலையத்தின் மேடையிலிருந்து கண்ணுக்கெட்டிய மட்டும் விரிந்த வனத்தைப் பார்த்தோம். மாணவர் எவரேனும் அப்பக்கம் போக நேர்ந்தால் அங்குள்ள இயற்கைக் காட்சியகத்துக்கு ஒரு முழுப்பகலை ஒதுக்குவது நன்று.

திங்கட்கிழமை மாலை வண்டியை ஒப்படைத்தோம். பற்றறியை மாற்றுவதாக உரிமையாளர் இணங்கினார். புதிய அலாரத்தைத் தம்பி மனைவி தன் பையினுள் வைத்துக்கொண்டாள். பழையது சுவரிலே பச்சை விளக்குடன் இருந்தது. அதை அகற்றும்படி இருமுறை சொன்னாள். அவரும் இருமுறை தலையாட்டினார். அடுத்த குடும்பம் மறுநாட் காலையில் வருகின்றதாம். அவர் திருகாணிச்சாவி எடுத்துவந்து அதைக் கழற்றும் வரை அவள் காரில் ஏறவில்லை.