கேட்பதற்கும் ஒரு காலம் உண்டு

தாயகத்தில் அரசாங்கப் பாடசாலை ஆசிரியனாய் இருந்த காலத்தில் சம்பளம் குறித்து எவரிடமும் பேசவேண்டிய தேவை எனக்கு ஏற்பட்டதில்லை. சுற்றறிக்கையில் உள்ளபடியே பெற்றுக்கொள்வோம். திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய்க்கு விலை பேசத் தயங்காத நாம், உத்தியோகத்திற்குப் பேரம் பேசுவதை மரியாதைக் குறைவென்றே எண்ணி வளர்ந்தோம்.

பிரித்தானியாவில் நிலைமை வேறு. எமது பள்ளியில் பயின்ற மாணவியொருத்தி, தனக்குக் கிடைத்த நியமனக் கடிதத்துடன் சென்ற ஆண்டு என்னிடம் வந்தாள். "கூடக் கேட்டால் வேலையே இல்லையென்பார்கள், பேசாமல் கையெழுத்து வை" என்றாராம் தந்தையார். அகதியாய் வந்தவரின் அச்சம் அது, எனக்கும் அந்நியமன்று. ஆயினும், தெரிவுசெய்துவிட்டோம் என எழுத்தில் அறிவித்த பின்னர், ஒப்பமிடுமுன் உள்ள அந்த இரண்டொரு நாளே கேட்பதற்குரிய காலம் என்றேன். நேர்முகப் பரீட்சையில் கேட்பது முந்திவிடும்; ஒப்பமிட்டபின் கேட்பது பிந்திவிடும்.

மாணவச் செல்வங்களே, வீட்டு வாடகை கூடிவிட்டதென்பது அங்கே நியாயமாகாது. அதே வேலைக்குப் பிற இடங்களில் விளம்பரமாகும் சம்பளமே நியாயம். சம்பளத்தை மட்டும் நோக்குதலும் போதாது. வாரத்தில் 5 நாள் உழைப்பவருக்குச் சம்பளத்துடன் 28 நாள் விடுமுறை சட்டப்படி உரியது. பொது விடுமுறைகளையும் அதற்குள் அடக்குகிறார்களா என வினவுங்கள். தகுதியுள்ள ஊழியரின் ஓய்வூதியத்திற்குத் தொழில்தருநர் குறைந்தது 3 வீதம் செலுத்துதல் 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். அதற்கு மேலும் செலுத்துவோர் உளர்.

அம்மாணவிக்குச் சம்பளம் கூடவில்லை. 5 நாள் மேலதிக விடுமுறை கிடைத்தது. "எழுத்தில் தந்தார்களா?" என்று மட்டும் கேட்டாராம் தந்தையார்.