எது போச்சு?

திங்கள்

மைக்ரோவேவ் ஓவன் சூடாக்குவதை நிறுத்திவிட்டது. விளக்கு எரிகிறது, தட்டு சுற்றுகிறது, நேரம் முடிந்ததும் மணி அடிக்கிறது. மதியம் ஆக்கிய அரிசிம்பருப்பு சோறு மட்டும் உள்ளே போன மாதிரியே ஜில்லென்று வெளியே வருகிறது. உறுமல் சத்தம் மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதல். அத்தை பூஜை அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன அம்மணி, இந்தப் போடு போடுது?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் கேட்டது ஒன்றே ஒன்று: "வாங்கி எத்தனை வருஷமாச்சு?" 2016 தீபாவளிக்கு வாங்கியது. 28 லிட்டர், கேக் செய்யும் கன்வெக்‌ஷன் வகை. "அப்பறமென்ன, அதுக்கு ஆயுசு முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். கம்பெனியின் சேவை எண்ணுக்குப் பதிவு செய்து வைத்தேன்.

செவ்வாய்

கம்பெனி ஆள் வந்தார். ஒரு டம்ளர் தண்ணீரை உள்ளே வைத்து ஒரு நிமிடம் ஓடவிட்டு, விரலை விட்டுப் பார்த்தார். "மேக்னட்ரான் போயிருச்சுங்க மேடம்." கூலியோடு 4,200 ரூபாய். "போர்டும் பழசுங்க, அடுத்து அதுவும் போகும். எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்குங்க." வந்து போனதற்கு ஜி.எஸ்.டி. சேர்த்து 590 ரூபாய். ஓவனின் ஒரு திருகாணியைக்கூட அவர் கழற்றவில்லை.

இரவு மேக்னட்ரானைப் பற்றிப் படித்தேன். 1940இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டல், பூட் என்ற இருவர் விமானங்களைக் கண்டுபிடிக்கும் ரேடாருக்காகச் செய்த குழல் அது. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் பெர்சி ஸ்பென்சர் அதனருகே நின்றபோது சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகியதாகச் சொல்வார்கள். 1947இல் விற்பனைக்கு வந்த முதல் ஓவன் ஆள் உயரம், சுமார் 340 கிலோ. இன்றைய மேக்னட்ரான் உள்ளங்கையில் அடங்கும். அடைத்து மூடிய வெற்றிடக் குழல், உள்ளே செம்பு அறைகள், வெளியே இரண்டு காந்த வளையங்கள். அதைத் திறந்து சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் முடியும். ஓவனுக்கு ஒரு வருடம் என்றால் மேக்னட்ரானுக்கு மட்டும் கூடுதல் வருடங்கள் வாரண்டி தருகிற கம்பெனிகள் உண்டு என்பதால் பழைய அட்டையைத் தேடி எடுத்தேன். எனக்குத் தந்திருந்தது ஐந்து வருடம். அதுவும் முடிந்திருந்தது.

புதன்

அன்னூரிலிருந்து அப்பா வந்திருந்தார். ஓவன் போய்விட்டது, புதுசு வாங்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம் என்றேன்.

"எது போச்சு?"

"மேக்னட்ரானுங்ப்பா."

"கழட்டிப் பாத்தாங்களா?"

"இல்லீங்."

"அப்பறம் எப்படிக் கண்ணு போச்சுங்கறே?"

அப்பாவுக்கு எந்த எந்திரமும் மோட்டார் வழியாகத்தான் புரியும். எங்கள் காட்டில் இருப்பது ஆயிரம் அடி போர்வெல். சப்மெர்சிபிள் நின்றுவிட்டால், குழாய் குழாயாக ஏற்றி அதை மேலே கொண்டுவரவே வண்டியும் ஆளும் வேண்டும். அவ்வளவு செலவழித்து வெளியே எடுத்த மோட்டாரின் வயதை யாரும் கேட்பதில்லை. காயில் எரிந்ததா, புஷ் தேய்ந்ததா, பம்புக்குள் மணல் புகுந்ததா என்றுதான் பார்ப்பார்கள். காயில் என்றால் காயில் கட்டுகிறவரிடம் போகும். எரிந்த கம்பியை உருவி எடை போட்டு, பழைய செம்புக்கு ஒரு தொகை கழித்துக்கொண்டு புதிதாகச் சுற்றித் தருவார். புஷ் என்றால் லேத்துக்குப் போகும். இரண்டிலும் தீராது என்று தெரிந்த பிறகே புது மோட்டார் பேச்சு வரும்.

இந்தப் பழக்கம் அப்பாவோடு பிறந்ததல்ல, இந்தக் கோயம்புத்தூர் வட்டாரம் தொழில் கற்ற விதமே இது. 1888இல் ஸ்டேன்ஸ் துரை ஆரம்பித்த நூற்பாலைக்குப் பின்னால் மில்கள் பெருகின. எந்திரங்கள் கப்பலில் வந்தன. ஒரு பல்சக்கரம் உடைந்தால் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க முடியாது. உள்ளூர்ப் பட்டறையில் வார்த்துக் கடைந்தாக வேண்டும். 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்களோடு கிணற்று மோட்டார்களும் பெருகின. ஜி.டி. நாயுடு கதை எல்லோருக்கும் தெரிந்தது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிள் மீது ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதை வாங்கியவர், முதலில் செய்தது அதைப் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டியதுதான். அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் செய்த மோட்டார், இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டார் என்று பேசப்படுகிறது. பிரித்துப் பார்த்தவர்கள் பிறகு செய்யவும் தொடங்கினார்கள்.

1955இல் சபாபதி அறிமுகப்படுத்திய வெட் கிரைண்டரும் அந்த வழியில் வந்ததுதான். மோட்டார் தனி, பெல்ட் தனி, பேரிங் தனி, டிரம் தனி, கல் தனி. எது போனாலும் அதற்கென்று ஒரு கடை உண்டு. கல் வழுவழுத்துப் போனால் கொத்திக் கொடுக்க ஆள் உண்டு. "கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்" என்று புவிசார் குறியீடு வாங்கிய பொருளை, அதைச் செய்த ஊரே பழுதும் பார்க்கிறது. ஓவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. செய்தவர் எங்கோ, உதிரிபாகம் எங்கோ. ஆனாலும் அப்பாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பது உறுத்திக்கொண்டே இருந்தது.

வியாழன்

வேலை முடிந்து நூறடி ரோட்டுக் கடை ஒன்றில் விலை கேட்டேன். என்னுடையது போன்ற 28 லிட்டர் கன்வெக்‌ஷன் 15,000. சூடு மட்டும் செய்யும் 20 லிட்டர் சோலோ 6,500. விற்பனைப் பையன் ஒரு கணக்குச் சொன்னான்: "ரிப்பேர் செலவு புதுசு விலையில பாதியத் தாண்டுச்சுன்னா மாத்திரணுங்க மேடம்."

இந்தப் பாதிக் கணக்கை எல்லோரும் சொல்கிறார்கள். போட்டுப் பார்த்தேன். 4,200 ரூபாய் என்பது 15,000இல் 28 சதவீதம். ஆகவே ரிப்பேர் செய். அதே 4,200 ரூபாய் 6,500இல் 65 சதவீதம். ஆகவே தூக்கிப் போடு. பழுதடைந்தது ஒரே ஓவன், செலவும் ஒன்றே, பதில் மட்டும் இரண்டு.

அப்படியென்றால் எந்தப் புதுசோடு ஒப்பிடுவது? கையில் இருப்பதற்கு இணையானதோடு என்றுதான் கடையில் சொல்வார்கள். நான் அதில் என்ன செய்கிறேன் என்று யோசித்தேன். சோறு, குழம்பு சூடாக்குகிறேன். பால் காய வைக்கிறேன். அப்பளம் சுடுகிறேன். வாங்கிய புதிதில் கேக் செய்தேன், பிறகு பேக்கரி பக்கத்திலேயே வந்துவிட்டது. எனக்குத் தேவைப்படுவது 6,500 ரூபாய் எந்திரம். அதோடுதான் ஒப்பிட வேண்டும். ஆக, போனது மேக்னட்ரான்தான் என்றால் புதுசு வாங்குவதே சரி. அந்த "என்றால்" இன்னும் தீரவில்லை.

எக்ஸ்சேஞ்சுக்கு 800 ரூபாய் தருவதாகச் சொன்னான். எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் எடுத்தால் என்ன விலை என்று கேட்டேன். கொஞ்சம் இழுத்துவிட்டு, 500 குறைத்துக்கொள்கிறேன் என்றான். என் ஓவனின் உண்மையான விலை 300 ரூபாய் என்று தெரிந்துகொண்டேன்.

சனி

கணபதியில் ஒரு பட்டறை. கிரைண்டருக்குக் காயில் கட்டித் தொழில் தொடங்கியவர், இப்போது இண்டக்‌ஷன் அடுப்பு, ஓவன் எல்லாம் பார்க்கிறார். நாங்கள் போனபோது மேசையில் நான்கு மிக்ஸிகள் திறந்து கிடந்தன.

"சத்தம் கூடுதலா வந்துச்சுங்களாக்கா?"

"ஆமாங்."

"அப்ப டயோடு, கண்டென்சர், மேக்னட்ரான், மூணுல ஒண்ணு ஷார்ட்டு. எதுன்னு கழட்டாம சொல்ல முடியாதுங்க்கா."

மேல்தகட்டைக் கழற்றியதும் குனிந்து பார்த்த என் வீட்டுக்காரரைத் தள்ளி நிற்கச் சொன்னார். பிளக்கைப் பிடுங்கி எவ்வளவு நேரமானாலும் கண்டென்சரில் மின்சாரம் தேங்கியிருக்கலாம். உள்ளேயே அதை வடித்துவிடும் ரெசிஸ்டர் ஒன்று உண்டு, அது போயிருந்தால் தொட்டவர் கதி அவ்வளவுதான். 2,100 வோல்ட் என்று அதன் மேலேயே அச்சிட்டிருந்தது. பிடியில் உறை போட்ட கருவியால் அதை வடியவிட்ட பிறகே கை வைத்தார். வீடியோ பார்த்து வீட்டிலேயே ஓவனைத் திறக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு நிமிடத்தைப் பார்க்க வேண்டும்.

மேக்னட்ரானை மீட்டரில் பார்த்தார். இழை அறுபடவில்லை, உடலோடு ஒட்டவும் இல்லை. நன்றாக இருக்கிறது. கண்டென்சரும் சரி. டயோடைப் பார்க்க மட்டும் ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரியை எடுத்துச் சேர்த்தார். உயர் அழுத்த டயோடு என்பதால் மீட்டரின் சிறு மின்னழுத்தம் அதைத் திறக்காதாம். நல்ல டயோடுகூட மீட்டரில் செத்தது போலத்தான் காட்டும். ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் தடுக்க வேண்டியது, இரண்டு பக்கமும் விட்டது. போனது டயோடு. கூலியோடு 650 ரூபாய்.

அதோடு விடாமல் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே மூன்று சுவிட்சுகள். இரண்டு, கதவு திறந்ததும் மின்சாரத்தை நிறுத்துபவை. மூன்றாவது காவல்: மற்றவை ஒட்டிக்கொண்டு கதவு திறந்த நிலையிலும் ஓவன் ஓடப் பார்த்தால், அது வேண்டுமென்றே ஷார்ட் செய்து ஃபியூஸை எரித்துவிடும். "ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு கம்பியச் சுத்திக் கட்டிக் குடுக்கறவங்களும் இருக்கறாங்கக்கா. அத மட்டும் செய்ய விட்டுறாதீங்க." எதையும் ஓட வைத்துவிடும் ஊர்க் கைகளுக்கும் எல்லை உண்டு என்பதை அந்தக் கைகளில் ஒன்றே சொன்னது.

எதையெல்லாம் தொடமாட்டீர்கள் என்று கேட்டேன். கதவு வளைந்திருந்தால், கதவுக் கண்ணாடிக்குள் இருக்கும் சல்லடைத் தகடு கிழிந்திருந்தால், உள்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவாராம். ஐந்து சென்டிமீட்டர் தள்ளி வைத்து அளந்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து மில்லிவாட்டுக்கு மேல் கதிர் கசியக்கூடாது என்பது விதி. அதை அளக்கும் கருவி தன்னிடம் இருந்தாலும், வளைந்த கதவை நிமிர்த்தி உறுதி தர முடியாது என்றார். தட்டு சுற்றவில்லை, உள்ளே பொறி பறக்கிறது என்று வருபவை அவருக்குச் சின்ன வேலை: முதலாவதற்கு அடியில் இருக்கும் சிறு மோட்டார், இரண்டாவதற்குப் பெரும்பாலும் பக்கவாட்டில் கருகிய மைக்கா அட்டை. போர்டில் கரப்பானோ பல்லியோ புகுந்து ஷார்ட்டாகி வருவதும் வாடிக்கை.

என் ஓவனின் உள்தகட்டில் துரு இல்லை. முகப்பில் இருக்கும் தொடுபலகையை மட்டும் விரலால் அழுத்திப் பார்த்தார். "இந்த மாடல் நின்னு போச்சு. கீபேட் போனா கெடைக்காதுங்க்கா. அப்ப என்கிட்டக் கொண்டு வராதீங்க."

ஞாயிறு

கல்லூரியில் சுற்றுச்சூழல் படிக்கும் மகளுக்கு, பழசையே சரிசெய்து வைத்துக்கொள்ளும் முடிவில் மகிழ்ச்சி. அவளே ஒரு தகவலும் சொன்னாள். 2018இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வின்படி, ஐரோப்பிய ஒன்றியத்து மைக்ரோவேவ்களால் வருடத்துக்கு 77 லட்சம் டன் கரியமில வாயுவுக்கு ஈடான மாசு. அதில் பெரும்பங்கு பயன்படுத்தும் மின்சாரத்தால். அப்படியானால் பழசை வைத்துக்கொள்வதால் என்ன லாபம் என்று கேட்டேன். செம்பும் இரும்பும் இன்னொரு முறை தோண்டி எடுக்க வேண்டாமே என்றாள். ஒப்புக்கொண்டேன்.

ஒரு நாள் தூக்கிப் போடத்தான் போகிறோம், அப்போது எங்கே என்பதையும் பேசினோம். "பழைய இரும்பு" என்று ஒலிபெருக்கியில் கூவி வரும் வண்டிக்குப் போட்டால், செம்புக்காக எங்காவது சுத்தியலால் உடைப்பார்கள். சில மேக்னட்ரான்களின் பீங்கான் பகுதியில் பெரிலியம் ஆக்சைடு இருக்கும். அது உடைந்து தூளாகி மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். உடைக்கிறவருக்கு அது தெரியப்போவதில்லை. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள் மறுசுழற்சிக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகின்றன. ஆகவே பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுப்பது என்று முடிவு. 300 ரூபாயை விட்டுக்கொடுக்க அத்தைக்குத்தான் மனம் வரவில்லை.

உதிரிபாகம் கிடைக்காத சிக்கலுக்கு வழி இல்லாமல் இல்லை. ஐரோப்பாவில் 2021 முதல் ஃபிரிட்ஜுக்கு ஏழு ஆண்டு, வாஷிங் மெஷினுக்குப் பத்து ஆண்டு உதிரிபாகம் கிடைக்கச் செய்ய வேண்டியது தயாரிப்பாளர் கடமை. இங்கே 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் திறந்தது. எந்தப் பாகம் எங்கே கிடைக்கும் என்பது வாங்கும் நாளிலேயே தெரிய வேண்டிய விஷயம் என்பது ஆழ்துளைக் கிணறு வைத்திருக்கிற எவருக்கும் தெரியும்.

வாரண்டி அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வைத்துவிட்டேன். சுவிட்ச், டயோடு, மைக்கா, தட்டு மோட்டார் போனால் கணபதி. மேக்னட்ரான், கீபேட், கதவு போனாலோ துரு ஓட்டை விழுந்தாலோ புதுசு. அந்தப் புதுசு 20 லிட்டர் சோலோ. தொடுபலகை இல்லாமல், இரண்டு திருகு குமிழ் மட்டும் வைத்தது. குமிழின் டைமர் கெட்டால் மாற்றுச் சாமான் கிடைக்குமா என்று கணபதிக்காரரிடம் முதலில் கேட்பேன், கடைக்குப் போவது அதற்கப்புறம். ஆஃபர் எந்தத் தேதியில் முடிந்தாலும் சரி.