அருகிலிருந்தும் தொலைவான விமான நிலையம்

கப்பலேறிச் சென்றவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் முஸ்லிம்கள் பலர் வணிகத்தின் பொருட்டுச் சைகோன் சென்றனர். அன்று அயல்நாட்டுப் பயணத்தின் வாயில் புதுவையிலேயே இருந்தது. பழைய கடற்பாலத்தை 1952-ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. கப்பற் பயணமும் மெல்ல மறைந்தது. பின்னர் விமானம் வந்தது. ஆயினும் வளைகுடா செல்லும் எங்கள் பிள்ளைகள் இன்றும் மீனம்பாக்கம் சென்றே விமானம் ஏறுகின்றனர்.

ஏம்பலத்திலிருந்து இலாசுப்பேட்டை விமான நிலையம் ஏறத்தாழ 20 கி.மீ.; மீனம்பாக்கமோ ஏறத்தாழ 150 கி.மீ. அருகிலிருப்பதை விட்டுத் தொலைவுக்குச் செல்வானேன்? இலாசுப்பேட்டை ஓடுபாதையின் நீளம் 1,500 மீட்டர். எழுபதுக்குச் சற்று அதிகமானோர் அமரும் ஏ.டி.ஆர். விமானத்திற்கு அது போதும். முழுச் சுமையுடன் எழும் போயிங் 737 விமானத்திற்கு 2,000 மீட்டருக்கு மேல் வேண்டும். வெயில் ஏற ஏறக் காற்று அடர்த்தி குறைந்து, தேவைப்படும் தூரமும் கூடும். மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை 3,600 மீட்டருக்கும் அதிகமானது.

பாதையை நீட்டலாமே எனில், வேண்டிய நிலம் தமிழக எல்லைக்குள் இருக்கிறது. துண்டு துண்டாகச் சிதறிய நிலப்பரப்பன்றோ நம் புதுவை! பேருந்தில் அரைமணி நேரம் சென்றாலே இரு மாநில எல்லைகளையும் மாறி மாறிக் கடக்கும் நமக்கு இது வியப்பன்று. ஆனால் பேருந்து எல்லையைக் கடப்பதுபோல் ஓடுபாதை எளிதில் கடந்துவிடுவதில்லை.

நிலையத்தின் வரலாறு, தொடங்கித் தொடங்கி நின்ற வரலாறே. 1980களின் இறுதியில் வாயுதூத் நிறுவனத்தின் சிறு விமானங்கள் வந்தன. சில ஆண்டுகளில் நின்றன. புதிய முனையக் கட்டடத்துடன் 2013 ஜனவரியில் பெங்களூருக்கு மீண்டும் சேவை தொடங்கியது. அடுத்த ஆண்டே நின்றது. 2015-இல் வந்த சேவை அவ்வாண்டையே தாண்டவில்லை. உடான் திட்டத்தின்கீழ் 2017 ஆகஸ்டில் ஹைதராபாத் விமானம் புறப்பட்டது; 2020-இல் கொரோனா குறுக்கிட்டது. 2022 மார்ச்சில் மீண்டும் தொடங்கி, 2024 மார்ச் இறுதியில் நின்றது. அவ்வாண்டு டிசம்பர் 20 முதல் இண்டிகோ விமானங்கள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் பறக்கத் தொடங்கின.

நின்றுபோன சேவையின் விலையை எங்கள் குடும்பம் அறியும். 2016-இல் என் சாச்சா மௌத்தானபோது அவருடைய மூத்த மகன் துபாயில் இருந்தான். பெங்களூருக்கே பயணச்சீட்டு கிடைத்தது. முற்பகலில் அங்கு இறங்கியவனுக்கு, ஒரு மணி நேரத்திற்குச் சற்று அதிகமான வான்பயணமே எஞ்சியிருந்தது. அதற்கு விமானம்தான் இல்லை. வாடகைக் காரில் முந்நூறு கிலோமீட்டர் கடந்து வந்தான். ஜனாஸாவை நெடுநேரம் வைத்திருப்பது முறையன்று என்று பெரியவர்கள் கூறவே, அஸருக்குப் பின் நல்லடக்கம் நடந்துவிட்டது. மகன் வந்து சேர்ந்தது மஃரிபுக்குப் பின். ஈரம் உலராத மண்ணருகே நின்று துஆ ஓதினான். யாரும் யாரையும் குறை கூறவில்லை. வரவேண்டியவன் புறப்பட்ட நேரத்தைத்தான் இன்னும் எண்ணிப் பார்க்கிறோம்.

சேவை நடத்துவோரின் இடர்ப்பாட்டையும் உணர வேண்டும். நாளுக்கு ஒரு விமானம் வந்தாலும் தீயணைப்பு வண்டி ஆயத்தமாக நிற்க வேண்டும்; கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஆள் வேண்டும்; பாதுகாப்புச் சோதனை வேண்டும். செலவு குறையாது, வரவுதான் குறையும். பாதி இருக்கைகள் காலியாகப் பறந்தால் எவரும் நெடுநாள் தாங்கார். நாளை இருக்குமோ இராதோ என்ற ஐயமுள்ள விமானத்தை நம்பி மக்களும் பயணத்தைத் திட்டமிடார். ஏறுவோர் குறைவதால் சேவை நிற்கிறது. சேவை நிற்பதால் ஏறுவோர் குறைகின்றனர்.

ஆகவே, ஓடுபாதை நீளும் நாள்வரை நாம் வேண்டுவது பெரிய விமானமன்று. நிற்காத சிறிய விமானம். உடான் திட்டம் போன்ற உதவிகள் சில ஆண்டுகளோடு முடிந்துவிடாமல் பயணிகள் பழகும்வரை நீள வேண்டும். நாமும் பெங்களூர் மருத்துவமனைக்கோ ஹைதராபாத் உறவினர் இல்லத்திற்கோ செல்லும்போது, இயன்றவர்கள் ஒருமுறை இலாசுப்பேட்டையை நினைத்துப் பார்க்கலாம்.