பாலைவனச் சாலையில் ஒரு காஃபிலா



நம் வீடுகளில் மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. வாப்பா பள்ளிவாசலுக்கும் கடைக்கும் ஓட்டிச் சென்றால் அது வாகனம். மகன் அதே வண்டியை நண்பர்களோடு எடுத்துச் சென்றால் அது ஆபத்து. என் மூத்த சகோதரியின் மகனுக்கு இப்போது 31 வயது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரை அடுத்துள்ள சாண்ட்லரில் பொறியாளராகப் பணிபுரிகிறான். அங்கே அவன் பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, வார இறுதிகளில் ஒரு குழுவினரோடு பாலைவனச் சாலைகளில் பயணம் செய்து வருகிறான். சென்ற நவம்பரில் நான் அவனைக் காணச் சென்றபோது, ராத்தா என்னிடம் ஒரே ஒரு பொறுப்பைத்தான் ஒப்படைத்தார். "தம்பி, நீ ஓதிக் கொடுத்த பிள்ளை அவன். நீ சொன்னா கேப்பான். அந்த வண்டிய வித்துடச் சொல்லு."

அந்தத் தாயின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. குழுவின் மூத்த உறுப்பினரான ஒரு முன்னாள் இராணுவ வீரர் அதற்கு முந்தைய ஆண்டு விபத்தில் இறந்துபோனார். எதிரே வந்த கார் இவரைக் கவனியாமல் இடப்புறம் திரும்பியிருக்கிறது. மருமகன் அந்த இறுதிச் சடங்குக்குச் சென்ற செய்தியைத் தன் உம்மாவிடம் மறைக்காமல் சொல்லிவிட்டான். அன்று முதல் ராத்தாவுக்குச் சனிக்கிழமைகளில் உறக்கம் இல்லை. புள்ளிவிவரங்களும் அவர் பக்கமே நிற்கின்றன. 2022ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கச் சாலைகளில் 6,218 மோட்டார் சைக்கிள் பயணிகள் உயிரிழந்தனர். ஓடும் தூரத்தைக் கொண்டு கணக்கிட்டால், காரில் செல்பவரைக் காட்டிலும் இவர்களின் மரண வாய்ப்பு 20 மடங்குக்கும் மேல்.

நான் பேச்சைத் தொடங்கியதும் மருமகன் முழுமையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு அடக்கத்தோடு ஒன்று சொன்னான்: "மாமா, ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று நீங்கள்தான் கற்றுத் தந்தீர்கள். ஒருமுறை எங்களோடு வாருங்கள். அதன் பிறகு நீங்கள் எதைச் சொன்னாலும் கேட்கிறேன்." அதற்கு மறுமொழி சொல்ல எனக்கு இடமிருக்கவில்லை.

சனிக்கிழமை ஃபஜ்ரு தொழுகைக்குப் பின் ஒரு காபிக் கடையின் வாசலில் பதினொரு வண்டிகள் கூடின. பள்ளிக்கூட ஆசிரியை, ஓய்வு பெற்ற செவிலியர், மின்பணியாளர், நவஹோ இனத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர், மெக்ஸிகோ வம்சாவளிக் கணவனும் மனைவியும் எனப் பலதரப்பட்டவர்கள். அண்மையில் முழங்கால் அறுவை செய்துகொண்ட ஒரு முதியவர், வண்டியோட்ட இயலாத நிலையிலும் தோழமையை விட மனமின்றி, தண்ணீரும் கருவிகளும் ஏற்றிய பிக்கப் வாகனத்தில் பின்தொடர்வதற்காக வந்திருந்தார். என்னை அவர் அருகில் அமர்த்தினார்கள்.

புறப்படும் முன் ஒவ்வொருவரும் டயர், விளக்கு, எண்ணெய், சங்கிலி ஆகியவற்றைப் பரிசோதித்தனர். பின்னர் வட்டமாக நின்று ஒருவரின் அறிவுரையைக் கேட்டனர். அவரை 'ரோடு கேப்டன்' என்கிறார்கள். வழி, எரிபொருள் நிறுத்தங்கள், கை சைகைகள் அனைத்தையும் அவரே முடிவு செய்வார். பாலைவனத்தில் ஒரு பெட்ரோல் நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நெடுந்தொலைவு இருக்கும் என்பதால், சிறிய டாங்க் உள்ள வண்டியே குழுவின் நிறுத்தங்களைத் தீர்மானிக்கிறது. அனுபவம் குறைந்தவரைத் தலைவருக்கு அடுத்து நிறுத்துகிறார்கள். அவரால் இயன்ற வேகமே அனைவரின் வேகம். வரிசை நேர்கோடாக இராது. ஒருவர் தடத்தின் இடப்பக்கம் சென்றால் அடுத்தவர் வலப்பக்கம் செல்வார். முன்னவர் திடீரென நின்றாலும் பின்னவருக்கு ஒதுங்க இடம் கிடைக்கும் என்பதே இதன் நோக்கம்.

வரிசையின் கடைசியில் வருபவருக்கு 'ஸ்வீப்' என்று பெயர். குழுவிலேயே தேர்ந்த ஓட்டுநர் ஒருவரைத்தான் அங்கே வைக்கிறார்கள். யாருடைய வண்டியாவது நின்றுவிட்டால் அவரும் நிற்பார். அன்று அந்தப் பொறுப்பில் இருந்தவர் செவிலியர் அம்மையார். என் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நடத்தும் பாடம் ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரைத் தலைவராக ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பது நபிவழி. பெருமானார் (ஸல்) அவர்கள் பயணங்களில் படையின் பின்னால் தங்கி, பலவீனர்களை முன்செலுத்தி, வாகனம் இல்லாதவரைத் தம் பின்னே ஏற்றிக்கொண்டு, அவர்களுக்காகத் துஆச் செய்வார்கள் என ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதை அபூதாவூதில் காண்கிறோம். அந்த அறிவிப்பு எங்கள் மதரஸாவில் எழுத்தாகவே இருந்து வந்தது. அதன் நடைமுறையை இவர்கள் தம் அனுபவத்தால் கண்டறிந்து வைத்திருந்தார்கள்.

சாலையில் இன்னொன்றையும் கவனித்தேன். எதிரே எந்த மோட்டார் சைக்கிள் வந்தாலும் ஓட்டுபவர் இடக்கையைத் தாழ்த்தி இரு விரல்களைக் காட்டுகிறார். இவர்களும் அவ்வாறே காட்டுகிறார்கள். முன்பின் அறிமுகமே இல்லை. "ஸலாமை வலக்கையால் சொல்லக் கூடாதா?" என்று மருமகனைக் கேட்டேன். "வலக்கை ஆக்ஸிலரேட்டரில் இருக்கிறது மாமா, எடுத்தால் வண்டி நின்றுவிடும்" என்று சிரித்தான். சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, தலைக்கவசத்தைத் தரையில் வைத்தால் உதவி தேவை என்று பொருளாம். அதைக் கண்டும் காணாததுபோல் கடந்து செல்வது இவர்களிடையே பெரும் இழுக்கு.

அந்த நிலத்தில் இது வெறும் சம்பிரதாயம் ஆகாது. 2023ஆம் ஆண்டின் கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள்கள் வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை. நம் அளவையில் அது 43 டிகிரிக்கும் மேல். அத்தகைய வெயிலில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு காற்று வாங்குவது உயிருக்கே கேடு. காற்று உடலைவிடச் சூடாக இருக்கும்போது அது தோலைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை உறிஞ்சி உடலை வறட்டிவிடும். ஆகவே விவரம் அறிந்தவர்கள் உடல் முழுவதையும் மூடி, உள்ளே ஈரத்துணி அணிகிறார்கள். அரபு நாட்டார் நீண்ட அங்கி அணிவதன் சூட்சுமமும் இதுவே. கோடை மழைக்காலத்தில் அங்கே எழும் புழுதிச் சுவருக்கு அம்மாநிலத்தார் வழங்கும் பெயர் 'ஹபூப்'. வீசுதல் என்னும் பொருளுடைய அரபுச் சொல் அது. ஹபூப் வந்தால் சாலையை விட்டு நன்கு விலகி நின்று விளக்கை அணைத்துவிட வேண்டும். விளக்கு எரிந்தால், அதுதான் சாலை என எண்ணிப் பின்னால் வருபவர் வந்து மோதிவிடுவார்.

நண்பகலில் செலிக்மன் என்னும் சிற்றூரை அடைந்தோம். 1926இல் உருவான புகழ்பெற்ற 66ஆம் எண் நெடுஞ்சாலை இவ்வூர் வழியே செல்கிறது. 1978 செப்டம்பரில் புதிய விரைவுச்சாலை திறந்ததும் போக்குவரத்து முழுவதும் அங்கே மாறி, ஊர் வெறிச்சோடிப் போனது. இவ்வூரின் முடிதிருத்துநர் ஏஞ்சல் டெல்காடில்லோ மனம் தளராமல் ஊராரைத் திரட்டி, 1987இல் சங்கம் அமைத்து, பழைய சாலையை வரலாற்றுச் சாலையாக அரசு அறிவிக்கச் செய்தார். இன்று இவ்வூர் உயிரோடு இருப்பதற்குத் தேடி வரும் பயணிகளே காரணம். அவர்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் ஏராளம்.

அங்கே லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதோம். மேற்கு நோக்கியே நின்று பழகிய எனக்கு, அந்நாட்டில் கிப்லா வடகிழக்கில் இருப்பது விந்தையாக இருந்தது. முஸல்லாவைக் காற்று புரட்டிக்கொண்டே இருந்தது. மின்பணியாளர் ஒன்றும் பேசாமல் தம் வண்டியை உருட்டி வந்து காற்றுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டுச் சென்றார். நாங்கள் ஸலாம் கொடுக்கும் வரை யாரும் எஞ்சினை முடுக்கவில்லை.

எனினும் அனைத்தும் நமக்கு இசைவானவை என்று சொல்ல மாட்டேன். அன்றிரவு கிங்மன் நகரில் தங்கியபோது, மற்றவர்களில் சிலர் மதுக்கூடத்துக்குப் புறப்பட்டனர். மருமகன் எழவில்லை. அவர்களும் வற்புறுத்தவில்லை. மறுநாள் வண்டியோட்ட வேண்டியவர் முந்தைய இரவு அளவு மீறக் கூடாது என்பது குழுவின் விதியாம். அளவே கூடாது என்பது நம் விதி. பின்னர் 'போக்கர் ரன்' பற்றிக் கேட்டேன். நோயாளிகளுக்கோ விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கோ நிதி திரட்ட, பங்கேற்போர் கட்டணம் செலுத்தி ஐந்து இடங்களுக்குச் சென்று, ஒவ்வோர் இடத்திலும் ஒரு சீட்டு எடுப்பார்கள். யாருடைய சீட்டுகள் சிறந்தவையோ அவருக்குப் பரிசு. நோக்கம் நல்லதாயினும், பணம் கட்டி அதிர்ஷ்டத்தால் பரிசு பெறுவது சூதாட்டமே. "நான் சீட்டு எடுப்பதில்லை மாமா. நன்கொடையைத் தனியாகக் கொடுத்துவிட்டு, வழித்துணையாக மட்டும் செல்வேன்" என்றான். சொல்லிக் கொடுக்க ஆளில்லாத ஊரில் இவ்வளவு கவனம் எடுத்திருக்கிறானே என்று அல்லாஹ்வைப் புகழ்ந்தேன்.

மறுநாள் மலைக் கணவாய் வழியாக ஓட்மன் என்னும் பழைய சுரங்க ஊரைக் கடந்தோம். சுரங்கக்காரர்கள் விட்டுச்சென்ற கழுதைகளின் வழித்தோன்றல்கள் அங்கே நடுத்தெருவில் நின்று வண்டிகளை மறிக்கின்றன. மாலையில் குவார்ட்ஸைட் வந்தடைந்தோம். அங்குள்ள மையவாடியில், உள்ளூர்க் கற்களால் கூர்ங்கோபுர வடிவில் எழுப்பி உச்சியில் உலோக ஒட்டகம் பொருத்திய நினைவிடம் ஒன்று உண்டு. அங்கே அடங்கியிருப்பவர் ஹாஜி அலி. அமெரிக்கர் நாவில் அப்பெயர் 'ஹை ஜாலி' எனத் திரிந்துவிட்டது.

உஸ்மானிய ஆட்சிப் பகுதியிலிருந்து, அமெரிக்க இராணுவம் வாங்கிய ஒட்டகங்களுடன் 1856இல் டெக்சாஸ் கரையில் இறங்கியவர் அவர். மறு ஆண்டு எட்வர்ட் பீல் என்னும் அதிகாரி, தண்ணீரற்ற இந்நிலத்தின் ஊடே பாதை அமைக்கப் புறப்பட்டபோது, ஒட்டகங்களை நடத்திச் சென்றவர்களில் ஹாஜி அலியும் ஒருவர். அந்தப் பாதையை ஒட்டியே பின்னாளில் இருப்புப்பாதையும், பிறகு 66ஆம் எண் நெடுஞ்சாலையும் அமைந்தன. உள்நாட்டுப் போருக்குப் பின் ஒட்டகத் திட்டம் கைவிடப்பட்டது. அவர் அந்நாட்டிலேயே தங்கி, 1902இல் மறைந்தார். நாங்கள் இரு நாள்களாக வந்த வழியின் ஒரு பகுதியை ஒரு ஹாஜி ஒட்டகங்களோடு முன்பே கடந்திருக்கிறார். நான் ஸலாம் சொல்லித் துஆச் செய்தேன். குழுவினர் தலைக்கவசங்களைக் கழற்றிக் கையில் ஏந்தி நின்றனர்.

திரும்பும் வழியில், பிக்கப் ஓட்டிய முதியவரிடம் இறந்த இராணுவ வீரரைப் பற்றிக் கேட்டேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "அன்று அவர் தனியாகச் சென்றார்" என்றார். அவருடைய மனைவியைக் குழுவினர் இன்றும் முறை வைத்துச் சென்று பார்த்து வருகின்றனர். கோடையில் அவ்வீட்டின் குளிர்சாதனம் பழுதானபோது, இரண்டு மணி நேரத்தில் மின்பணியாளர் அங்கே இருந்தாராம்.

அன்றிரவு மருமகனிடம் என் முடிவைச் சொன்னேன். "இந்த வாகனம் ஆகுமானது. இந்தத் தோழமையில் நன்மை இருப்பதைக் கண்டேன். ஆனால் உன் உடல் அல்லாஹ்வின் அமானிதம். உன் உம்மாவின் மனமும் உன்னிடம் உள்ள அமானிதம். 18 வயது கடந்தவர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று இம்மாநிலச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. சட்டம் விட்டுக்கொடுப்பதையெல்லாம் அமானிதம் விட்டுக்கொடுக்காது. விற்றுவிடு என்று நான் சொல்ல மாட்டேன். நீயே உம்மாவிடம் பேசு. அவர் சம்மதிக்கும் நிபந்தனை எதுவோ, அதுவே உன் எல்லை."

அவன் அன்றே பேசினான். முக்கால் மணி நேரம் நீடித்தது அந்த உரையாடல். தலைக்கவசமின்றி ஒரு தெருவைக்கூடக் கடப்பதில்லை, நெடும்பயணத்துக்குத் தனியாகச் செல்வதில்லை, இருட்டிய பின் ஓட்டுவதில்லை, வாகனத் துஆ ஓதிப் புறப்படும்போதும் வீடு திரும்பியதும் உம்மாவுக்குச் செய்தி அனுப்புவது என்று ஒப்புக்கொண்டான். திருமணத்துக்குப் பிறகு மீண்டும் பேசுவது என்றும் முடிவாயிற்று. ராத்தா மனநிறைவோடு சம்மதித்தார் என்று நான் எழுதினால் அது பொய்யாகும். சனிக்கிழமைகளில் தஸ்பீஹைக் கையில் வைத்துக்கொண்டே அந்தச் செய்திக்காகக் காத்திருக்கிறார். என்னிடம் அவர் சொன்னது இதுதான்: "கடைசியா வர்ற அந்த நர்ஸம்மா பேர் என்ன தம்பி? அவங்களுக்கும் சேத்து துஆ கேக்கணும்."

பெற்றோர்களே, பிள்ளை வண்டி கேட்கும்போது விலையையும் வேகத்தையும் மட்டும் விசாரிக்காதீர்கள். யாரோடு செல்கிறான், அவர்களின் தலைவர் யார், நடுவழியில் வண்டி நின்றால் உடன் நிற்பவர் யார் என்றும் கேளுங்கள். இளைஞர்களே, இக்கேள்விகளுக்கு உங்களிடம் பதில் இல்லையெனில் அந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பயணத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் அனைவரையும் வல்ல நாயன் பாதுகாத்து வீடு சேர்ப்பானாக. ஆமீன்.