அழிப்பதற்கென்று ஒரு நாள்

ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம். செய்தித் தளங்களின் படங்களை ஒருமுறை வாங்கி டிஸ்க்கில் வைத்துக்கொண்டு, அடுத்து கேட்பவருக்கு அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கும் கேஷ் ஒன்றைப் பராமரிக்கிறார்கள். நான் போன அன்று யாரும் புதிதாக எதையும் எழுதவில்லை. திரை முழுக்கச் சிவப்பு வரிகள், அதாவது நீக்கப்படும் நிரல். கோப்பை நகர்த்தும் பகுதி அது.

வரும் படம் முதலில் டெம்ப் ஃபோல்டரில் இறங்கும். முழுதாக வந்ததும் கேஷ் ஃபோல்டருக்குப் போகும். இதில் என்ன சிக்கல் என்று கேட்டேன். டீம் லீட் டெர்மினலைத் திறந்து, ஒரு பெரிய கோப்பின் ஐநோட் எண்ணை, அதாவது ஃபைல் சிஸ்டம் அதற்குத் தரும் அடையாள எண்ணை, பார்த்துக்கொள்ளச் சொன்னார். அதே டிஸ்க்கில் வேறு ஃபோல்டருக்கு நகர்த்த ‘எம்வி’ கட்டளை கொடுத்தார். எண்டர் தட்டிய விரலை எடுப்பதற்குள் முடிந்தது, எண்ணும் மாறவில்லை.

“டேட்டா அசையவே இல்ல சார். பேரு மட்டும்தான் மாறிச்சு.”

அடுத்து அதே கட்டளை, இன்னொரு டிஸ்க்குக்கு. கர்சர் அப்படியே நின்றது. முடிந்தபோது எண் வேறு. புதிதாக ஒன்றை எழுதிவிட்டுப் பழையதை அழித்திருக்கிறது.

லினக்ஸில் ரீநேம் ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள்தான் நடக்கும். எல்லை தாண்டினால் ‘எக்ஸ்டெவ்’ என்ற பிழை வரும். ‘எம்வி’ அதைக் காட்டிக்கொள்ளாமல் காப்பி எடுத்துவிடும். இவர்களுடைய பழைய நிரலும் அப்படித்தான் செய்தது. இவர்கள் சர்வரில் டெம்ப் ஒரு டிஸ்க், கேஷ் இன்னொரு டிஸ்க். காப்பி முடியுமுன்பே கேஷில் அந்தப் பெயர் தெரிந்துவிடும். கேட்ட வாசகருக்குப் படத்தின் மேல்பாதி மட்டும் கிடைக்கும். அதைத் தடுக்க ஒரு லாக். லாக்கைப் பிடித்தபடியே செத்துப்போகும் ப்ராசஸுக்காக ஒரு டைம்அவுட். டைம்அவுட்டுக்கு ஒரு ரீட்ரை. ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்தில் நியாயமாகத்தான் பட்டிருக்கும்.

இப்போது எல்லாம் போய்விட்டது. டெம்ப் ஃபைல் கேஷ் ஃபோல்டருக்குள்ளேயே பிறக்கிறது, முடிந்ததும் ரீநேம் ஆகிறது. போசிக்ஸ் விதிப்படி, பார்ப்பவருக்குப் பழையது தெரியும், அல்லது புதியது, அரைகுறை தெரியாது. புது யோசனை ஒன்றும் அல்ல. என்ஜின்எக்ஸ் சர்வரே 2015-இல், 1.7.10 பதிப்பில், தனி டெம்ப் ஃபோல்டரைத் தவிர்க்க ஒரு அமைப்பைக் கொடுத்தது.

ரிவ்யூவில் ஓர் இளைஞர் விடவில்லை. “அக்கா, எஃப்சிங்க் வேண்டாமா? கரண்ட் போனா?” டேட்டா டிஸ்க்கில் உறுதியாக இறங்கும்வரை காத்திருக்க வைப்பதுதான் எஃப்சிங்க்.

“போகட்டும்டா,” என்றார் டீம் லீட். “கேஷ்தானே, மறுபடி வாங்கிக்கலாம். படிக்கும்போது சைஸ் சரியான்னு பாரு, போதும்.”

வங்கிக் கணக்கு மென்பொருளில் இப்படிச் சொன்னால் வேலை போய்விடும். இங்கே அதுதான் சரியான பதில் என்றே எனக்குப் பட்டது.

அந்த இளைஞருடைய அடுத்த கேள்வி மட்டும் நின்றது: ப்ராசஸ் பாதியில் செத்தால் கேஷுக்குள் கிடக்கும் டெம்ப் ஃபைலை யார் பெருக்குவது? அதற்காகச் சில பச்சை வரிகள் சேர்ந்தன. சர்வர் எழும்போது, ஒரு மணி நேரத்துக்கு மேல் பழைய டெம்ப் ஃபைல் எதுவானாலும் நீக்கு. அதன் பிறகே அவர் அப்ரூவ் கொடுத்தார்.