அந்த அன்ட்டி மட்டும் ஏன் தொடலாம்?

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்துவிடுகிற விஷயங்கள் சில இருக்கின்றன. யூனிபோர்ம் போட்டவர் எதிரே வந்தால் பேச்சை நிறுத்த வேண்டும். பையைத் திறக்கச் சொன்னால் திறக்க வேண்டும். கையைத் தூக்கச் சொன்னால் தூக்க வேண்டும். ஏன் என்று மட்டும் கேட்கக் கூடாது. "எஸ்டேட் பிள்ளைங்க நல்ல அடக்கம்" என்று வெளியாட்கள் இதைப் பாராட்டுவதும் உண்டு. அந்த அடக்கம் எங்கிருந்து வந்தது, பிள்ளைகளோடு விமான நிலையத்துக்குள் போகும்போது அதை என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் எழுதப் போகிறோம்.

இதை எழுதுகிற நாங்கள் நான்கு பேரும் தொண்ணூறுகளில் ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்கள். எங்களில் இரண்டு பேர் இப்போது அம்மாக்கள். மற்ற இரண்டு பேருக்கும் சித்தி, அத்தை வேலை. எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு விமான நிலையம் என்றால், மத்திய கிழக்குக்குப் போகிற அம்மாவை வாசலில் விட்டுவிட்டு வேனில் தூங்கிக்கொண்டே திரும்பி வருகிற இடம். உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாது. இப்போதுதான் பிள்ளைகளும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகத் தொடங்கியிருக்கிறார்கள். டோஹாவில் வேலை செய்கிற அப்பாவைப் பார்க்க, நீலகிரியில் இருக்கிற சொந்தங்களைப் பார்க்க.

அப்படி ஒரு பயணத்தில், எங்களில் ஒருத்தியின் நாலு வயது மகள் சோதனைக் கதவைத் தாண்டியதும் மணி அடித்தது. எந்த விமான நிலையம் என்பது இங்கே முக்கியமில்லை. இடுப்பில் வெள்ளி அரைஞாண்கொடி, காலில் கொலுசு, கழுத்தில் பயணத்துக்கு முதல்நாள் அம்மாயி கட்டிவிட்ட தாயத்து. அடிக்காமல் என்ன செய்யும்? ஒரு பெண் அதிகாரி வந்தார். எங்களுக்குப் புரியாத மொழியில் ஏதோ சொன்னார். பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்து அகட்டி வைத்தார். கழுத்து, முதுகு, இடுப்பு என்று தடவிப் பார்த்தார். பிள்ளை அழவில்லை, அசையவும் இல்லை. கல்லு மாதிரி நின்றாள். வரிசையில் நின்ற ஒருவர் "குட் கேர்ள்" என்றார்.

விமானம் மேலே ஏறிய பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். "நம்ம உடம்ப யாரும் தொடக்கூடாதுன்னு மிஸ் சொன்னாங்கல்ல. அப்ப அந்த அன்ட்டி மட்டும் ஏன் தொடலாம்?"

முன்பள்ளியில் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. நல்ல பாடம். அந்தக் கேள்வி எங்கள் வட்ஸ்அப் குரூப்பில் ஒரு கிழமை ஓடியது. பதில் தேடப் போனபோதுதான் எங்கள் குடும்பக் கதை முழுக்க வரிசைகளும் சோதனைகளும் இருப்பது தெரிந்தது.

தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த காலத்தில், எந்தத் தோட்டத்துக்குப் போகிறவர் என்று காட்டுகிற தகரத் துண்டைத் தொழிலாளர் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள். 'டின் டிக்கட்' என்று பெயர். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில், மண்டபத்தில், இலங்கை அரசாங்கமே ஒரு முகாம் நடத்தியது. அங்கே குடும்பம் குடும்பமாகத் தனிமைப்படுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கப்பலேற்றினார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. தலைமன்னாரில் கப்பலேறி 'ஊருக்கு'ப் போன குடும்பங்கள் அதே மண்டபத்தில் மறுபடியும் வரிசையில் நின்றன. நீலகிரிச் சொந்தங்கள் அப்படிப் போனவர்கள்தான்.

எங்கள் முறை யுத்த காலத்தில் வந்தது. கொழும்புக்குப் போகிற பஸ்ஸை வழியில் நிறுத்துவார்கள். எல்லாரும் இறங்கி, ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. ஐ.சியைக் காட்ட வேண்டும். பிறப்புச் சான்றிதழே இல்லாததால் ஐ.சி எடுக்க முடியாதவர்கள் தோட்டங்களில் நிறைய. அவர்கள் பாடு இன்னும் மோசம். சாக்குத் துணி மறைப்புக்குள்ளே அம்மாவைத் தடவிப் பார்க்கும்போது நாங்கள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்போம். எங்களில் ஒருத்தியின் கொம்பாஸ் பெட்டியைக் கூடத் திறந்து பார்த்திருக்கிறார்கள். "ஒண்ணும் பேசாத" என்பதைத்தான் அம்மா அன்றைக்குச் சொல்வாள். பேசினால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் அவளுக்கு. அந்தக் காலத்தில் அந்த மௌனம் எங்களைக் காப்பாற்றியது. அதைக் குறை சொல்ல எங்களுக்கு மனசு வராது.

சோதனையே வேண்டாம் என்றும் நாங்கள் சொல்லவில்லை. 2001 ஜூலை 24ஆம் திகதி கட்டுநாயக்க விமான நிலையமே தாக்கப்பட்ட நாடு இது. 2006 ஏப்ரல் 25ஆம் திகதி கொழும்பு இராணுவத் தலைமையகத்துக்குள் தற்கொலைத் தாக்குதல் நடத்திய பெண், கர்ப்பிணி மாதிரி வந்தவர். அதே வருடம் ஓகஸ்ட் 10ஆம் திகதி, திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதியை லண்டனில் கண்டுபிடித்தார்கள். குழந்தைக்குக் கொண்டுபோகும் பாலைப் பெற்றோர் அதிகாரிகள் முன்னால் குடித்துக் காட்ட வேண்டும் என்று அன்றைக்கு பிரிட்டிஷ் விமான நிலையங்களில் சொன்னார்கள். இன்றைக்கு இருக்கிற 100 மில்லிலீற்றர் விதி அங்கிருந்து வந்ததுதான். விமானத்தில் எங்கள் பிள்ளைகளும்தான் போகிறார்கள். பாதுகாப்பு அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

அப்படியென்றால் அந்த அன்ட்டி ஏன் தொடலாம்? நாங்கள் கடைசியில் பிள்ளைக்குச் சொன்ன பதில் இது: "அது அவங்க வேல. ஆபத்தான சாமான் ஏதும் இருக்கான்னு பாக்குறாங்க. ஆனா அதுக்கும் விதி இருக்கு. ஏன்னு சொல்லணும். அம்மா கண்ணு முன்னாடி செய்யணும். ரகசியமா செய்யக்கூடாது. வலிச்சாலோ பயமா இருந்தாலோ நீ சத்தமா சொல்லலாம். யாரும் ஏசமாட்டாங்க."

இது பிள்ளையைச் சமாளிக்கச் சொன்ன கதை இல்லை. பெண்ணைச் சோதிக்க வேண்டியிருந்தால் இன்னொரு பெண்தான், கண்ணியம் கெடாமல், சோதிக்க வேண்டும் என்று இலங்கையின் 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை சொல்கிறது. பெற்றோர் கேள்வி கேட்டதால் விதி மாறிய கதையும் உண்டு. 2011 ஏப்ரலில், அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் விமான நிலையத்தில் ஆறு வயதுப் பிள்ளையைத் தடவிச் சோதித்த வீடியோவைப் பெற்றோர் வெளியிட்டார்கள். பெரிய சர்ச்சையானது. அந்த வருடமே 12 வயதும் அதற்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் சோதனை முறையை மாற்றினார்கள். சப்பாத்தைக் கழற்றத் தேவையில்லை, தொட்டுச் சோதிப்பதை முடிந்தவரை குறைக்க வேண்டும் என்று.

எங்கள் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பாடசாலைகள் திறந்தபோது வாசலில் பை சோதனை வந்தது. பல இடங்களில் பெற்றோரே முறை வைத்து நின்றார்கள். பக்கத்து லயத்து மாமி "என்னடா, இன்னைக்கும் ரொட்டியும் சம்பலுமா?" என்று கேட்டுக்கொண்டே சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பார். தம்பி தங்கச்சிகள் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். தெரிந்த முகம், சொந்த மொழி, என்ன தேடுகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம். அதே நாட்களில், ஏப்ரல் 29ஆம் திகதி முகத்தை மூடும் ஆடைக்குத் தடை வந்தது. கூடப் படித்த முஸ்லிம் தோழிகளுக்கும் அவர்களின் உம்மாமாருக்கும் வாசல்கள் எல்லாம் வேறு மாதிரி ஆகின. சந்தேகம் யார் பக்கம் திரும்புகிறதோ அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அடக்கமாக நிற்கப் பழகிவிடுகிறார்கள். இதை நாங்கள் நன்றாக அறிவோம்.

இனி, பயணம் போகிறவர்களுக்கு எங்கள் அனுபவத்தில் சில விஷயங்கள்.

முதல்நாளே வீட்டில் விளையாடிப் பாருங்கள். கதவு நிலையை மெட்டல் டிடெக்டராக வைத்து, ஒருவர் பொலிஸ், ஒருவர் பயணி. மணி அடித்தால் என்ன செய்வார்கள் என்று பிள்ளைக்குக் காட்டுங்கள். மெட்டல் டிடெக்டரில் எக்ஸ்ரே இல்லை, காந்தப் புலத்தால் உலோகத்தைக் கண்டுபிடிக்கிற கருவி அது. எக்ஸ்ரே இருப்பது பைகள் போகிற பெல்ட்டில். பிடித்த பொம்மை அந்தப் பெட்டிக்குள் போய் அந்தப் பக்கம் திரும்பி வந்துவிடும் என்பதையும் முதலே சொல்லிவிடுங்கள், நிறைய அழுகை மிச்சமாகும்.

கொலுசையும் அரைஞாணையும் வீட்டிலேயே கழற்றிவிடலாம். தாயத்தைப் பைக்குள் வைத்தாலும் காப்பாற்றும், அம்மாயியிடம் நாங்கள் பேசிவிட்டோம். கட்டுநாயக்கவில் கட்டடத்துக்குள் நுழைகிற வாசலில் ஒரு சோதனை, விமானம் ஏறுவதற்கு முன் இன்னொரு சோதனை இருக்கும். குழந்தையின் பாலும் கஞ்சியும் பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டுபோக அநேகமாக எல்லா இடத்திலும் விடுவார்கள். வெளியே எடுத்துக் காட்ட வேண்டும். விபூதிப் பொட்டலத்துக்கு மேல் பேர் எழுதி ஒட்டுங்கள். வெள்ளைப் பவுடர் என்றால் அவர்கள் பார்க்கத்தான் செய்வார்கள்.

பிள்ளையைத் தொட வருகிறார்கள் என்றால், "கொஞ்சம் இருங்க, நான் சொல்லிட்டு" என்று சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லலாம். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தால் தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான். பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, என்ன நடக்கப் போகிறது என்று அவள் மொழியில் சொல்லுங்கள். பிறகு அவர்கள் சோதிக்கட்டும். பின்னால் இருபது பேர் நிற்கும்போது இதைச் செய்வது லேசு இல்லை. யாராவது முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். மொத்தமே அரை நிமிஷம்தான் ஆகும், அதற்காக எந்த விமானமும் விட்டுவிட்டுப் போகாது.